ஸ்ட்ரைட் பியானோ: தொடக்கக்கால ஆக்கங்களும் ஒலிப்பதிவுகளும்

ஸ்ட்ரைட் என்பது நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த கறுப்பின வாத்தியக்காரர்கள் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கி, 1920-களில் முழுமைக்குக் கொண்டுவந்த பியானோ வாசிப்பு முறை. பத்து விரல்களை வைத்துக்கொண்டு ஒரு முழு வாத்தியக் குழுவின் வேலையை ஒற்றை ஆள் செய்துவிடுவது அதன் அடிப்படை. டிரம்ஸும் இல்லை, பேஸும் இல்லை, எக்காளமும் இல்லை. அறை நிறைய மக்கள் விடியும்வரை ஆட வேண்டும். அவர்களை ஆடவைக்க ஒரு பியானோவும் ஒரு மனிதரும் மட்டுமே. இந்தத் தேவையிலிருந்தே அந்த முறையின் இலக்கணம் பிறந்தது.

முதலில் இடது கையைக் கவனிக்க வேண்டும். நான்கு அடிகள் கொண்ட ஒரு பாரில், ஒன்றாம் அடியிலும் மூன்றாம் அடியிலும் இடது கை மந்தர ஸ்தாயியின் அடியாழத்தில் ஒரு சுரத்தை அழுத்துகிறது. இரண்டாம், நான்காம் அடிகளில் அதே கை பியானோவின் நடுப்பகுதிக்குத் தாவி ஒரு சுரக்கூட்டை அழுத்துகிறது. கீழே, மேலே, கீழே, மேலே என்று பாட்டு முடியும்வரை கை ஓயாது. நிமிடத்துக்கு 200 அடி வேகம் என்று கொண்டால் ஒவ்வொரு தாவலுக்கும் கிடைப்பது 0.3 விநாடி. அதற்குள் ஒரு ஸ்தாயிக்கும் மேற்பட்ட தூரத்தைக் கடந்து, கண்ணால் பார்க்காமலே சரியான கட்டையில் விரல் இறங்க வேண்டும். கீழே அழுத்துவது பெரும்பாலும் ஒற்றைச் சுரமாக இராது. ஒரே சுரத்தின் இரு ஸ்தாயிகளைச் சேர்த்து அழுத்துவார்கள். கை பெரிதாக இருந்தால் பத்தாம் சுரம் வரை, அதாவது கீழ் 'ச'விலிருந்து மேல் ஸ்தாயி 'க' வரை, ஒரே பிடியில் பிடிப்பார்கள். ஒலி அடர்த்தியாக வருவது இதனால்தான். இடது கை இப்படித் தாளத்தைத் தாங்கி நிற்க, வலது கை மெட்டையும் சங்கதிகளையும் அடிக்கு முந்தியும் பிந்தியும் விளையாடிக் காட்டும்.

இதன் முன்னோடி ராக்டைம். ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' 1899-இல் அச்சாகி நாடெங்கும் பரவியது. ராக்டைமிலும் இடது கை கீழும் மேலுமாகத்தான் நடக்கும். ஆனால் அது எழுதி வைத்து வாசிக்கும் இசை. வேகமாக வாசிக்கக் கூடாது என்று ஜாப்ளினே தம் அச்சுப் பிரதிகளில் குறித்து வைத்தார். ஹார்லெம் கலைஞர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், தாவலின் தூரத்தை நீட்டினார்கள், ராக்டைமின் சமமான நடையைத் தளர்த்தி ஸ்விங் ஆக்கினார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, எழுதப்பட்ட பகுதி ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அதை மனோதர்மத்தால் மாற்றி வாசித்தார்கள். ராக்டைம் எங்கே முடிகிறது, ஸ்ட்ரைட் எங்கே தொடங்குகிறது என்று ஒரு தேதியைக் குறிக்க முடியாது. 1910 முதல் 1921 வரை ஒரே கலைஞரின் கையில் இரண்டும் கலந்தே கிடந்தன.

இந்தக் கலைஞர்கள் பிழைத்தது மதுக்கூடங்களிலும் நடனக் கூடங்களிலும் 'வாடகை விருந்து'களிலும். தென் மாநிலங்களிலிருந்து வடக்கே குடிபெயர்ந்து வந்த கறுப்பின மக்களுக்கு ஹார்லெமில் வீட்டு வாடகை தாங்க முடியாத அளவில் இருந்தது. மாதக் கடைசியில் குடித்தனக்காரர் வீட்டுச் சாமான்களை ஒதுக்கி வைத்து, ஒரு பியானோக்காரரை அமர்த்தி, சிறிய நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்தாரை ஆடவிடுவார். உணவும் மதுவும் விற்பனைக்கு உண்டு. சேர்ந்த பணத்தில் வாடகை கட்டப்படும். பெயர் பெற்ற வாத்தியக்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே இரவில் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டால் போட்டி தொடங்கிவிடும். ஒருவர் வாசித்து எழுந்ததும் அடுத்தவர் அமர்ந்து, அதே பாட்டை வேறு சுருதியில், இன்னும் கடினமாக வாசித்துக் காட்டுவார். ஸ்ட்ரைட் ஆக்கங்கள் பல இத்தகைய போட்டிகளில் எதிராளியை மடக்குவதற்காகவே உருவானவை. கேட்போருக்கு இன்பமும் வாசிப்போருக்குச் சோதனையுமாக அவை அமைந்ததன் காரணம் இதுதான்.

வாடகை விருந்துகளுக்கும் முந்தைய ஒரு களம் மன்ஹாட்டனின் மேற்கே இருந்த சான் வான் ஹில் பகுதி. அங்கே 62-ஆம் தெருவில் 'ஜங்கிள்ஸ் கேசினோ' என்ற நிலவறை நடனக்கூடம் இருந்தது. கறுப்பினத்தவருக்கு நடனக்கூட உரிமம் கிடைப்பது அரிதாக இருந்ததால் அது நடனப் பள்ளி என்று பதிவு செய்யப்பட்டிருந்தது. அடுப்பும் நிலக்கரியும் தடுப்புக்குப் பின்னாலேயே கிடந்தன. காவலர்கள் வந்தால் மதுப்புட்டியை ஒளிக்க அந்தக் கரிக்குவியல் உதவியது. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரங்களிலிருந்து வந்த துறைமுகத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான் அங்கே ஆடியவர்கள். ஊரில் தேவாலயத்தில் வட்டமாகச் சுற்றி வந்து, ஒருவர் குரல் கொடுக்கக் கூட்டம் பதில் கொடுத்து ஆடிய 'ரிங் ஷவுட்' வழக்கம் அவர்கள் உடலில் இருந்தது. அந்தக் கூடத்தில் 1913 வாக்கில் பியானோ வாசித்த இளைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சன். அவர்களின் கால்களுக்கு ஏற்ப அவர் அமைத்த நடன மெட்டுகளே பின்னாளில் 'கரோலினா ஷவுட்', 'மியூல் வாக்', 'சார்ல்ஸ்டன்' ஆகியவை ஆயின. ஸ்ட்ரைட் பெருநகரத்தின் இசை என்று சொல்வது வழக்கம். அதன் வேர் தென்கடலோரக் கிராமங்களில் இருப்பதை அதே மூச்சில் சொன்னால்தான் அந்தக் கூற்று முழுமை பெறும்.

ஜான்சனுக்கு மூத்தவர்கள் இருவரைத் தவிர்க்க முடியாது. லக்கி ராபர்ட்ஸ் 1887-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அவருடைய கை அசாதாரணமாகப் பெரியது. 1913-இல் அச்சான 'ஜங்க் மேன் ராக்', 'போர்க் அண்ட் பீன்ஸ்' இரண்டும் வருங்கால முறைக்கு முன்னறிவிப்பு. 1916-இல் கொலம்பியா நிறுவனம் அவரைப் பதிவு செய்தும் தட்டு வெளிவரவில்லை. அவருடைய தனி வாசிப்பு முறையாகப் பதிவானது 1946-இல், சர்க்கிள் நிறுவனத்துக்காக. முப்பது ஆண்டு இடைவெளி! இளமையில் அவர் எப்படி வாசித்தார் என்பதை அந்த முதிய கைகளிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இன்னொருவர் பால்டிமோரைச் சேர்ந்த யூபி பிளேக். 'சார்ல்ஸ்டன் ராக்' என்ற ஆக்கத்தை 1899-இலேயே அமைத்ததாக அவர் சொல்லி வந்தார். 1917-இல் அது பியானோ சுருளாகவும், 1921-இல் 'சவுண்ட்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா' என்ற பெயரில் எமர்சன் நிறுவனத்தின் இசைத்தட்டாகவும் வந்தது. அதன் தொடக்கத்தில் இடது கை தாவுவதை விட்டுவிட்டு, ஒரே சுரத்தின் இரு ஸ்தாயிகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே படியிறங்குகிறது. இளம் ஜான்சன் பிளேக்கிடம் செவிவழியாகப் பாடம் கேட்டவர்.

ஜேம்ஸ் பி. ஜான்சன் 1894-இல் நியூஜெர்சி மாநிலம் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தார். 1908-இல் குடும்பம் சான் வான் ஹில்லுக்கு வந்தது. மதுக்கூட வாசிப்பில் பெயர் எடுத்த பிறகும் அவர் புரூட்டோ ஜன்னினி என்ற இத்தாலிய ஆசிரியரிடம் சேர்ந்து விரல் முறையையும் ஐரோப்பிய இசையின் அடிப்படைகளையும் முறையாகக் கற்றார். இருட்டில் உட்கார்ந்து சாதகம் செய்தார். கட்டைகளின் மேல் படுக்கை விரிப்பைப் போர்த்தி, அதன் மேலேயே வாசித்துப் பழகினார். கண் உதவாத நிலையில் இடது கை தன் தூரத்தைத் தானே அறிய வேண்டும் என்பதே இந்தப் பயிற்சியின் நோக்கம். அவருடைய பழைய பதிவுகளில் தாவல்கள் எவ்வளவு துல்லியமாக விழுகின்றன என்று வியப்பவர்கள் அந்த விரிப்பை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலப் பியானோ இசை மூன்று வழிகளில் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது: அச்சுப் பிரதி, பியானோ சுருள், இசைத்தட்டு. மூன்றும் வெவ்வேறு உண்மைகளைச் சொல்கின்றன. அச்சுப் பிரதி ஆக்கத்தின் எலும்புக்கூட்டைத் தரும். வாங்குவோர் வீட்டில் வாசிக்க ஏதுவாகக் கடினமான இடங்கள் எளிமைப்படுத்தப்பட்டிருக்கும். சுருள் என்பது துளையிட்ட காகிதம். தானியங்கிப் பியானோவில் அதைப் பொருத்தினால் கட்டைகள் தாமே இறங்கி ஏறும். வாசித்தவர் எந்தச் சுரத்தை எப்போது அழுத்தினார் என்பது அதில் இருக்கும். ஆனால் சாதாரணச் சுருளில் அழுத்தத்தின் கனம் பதிவாகாது. வாசித்தபின் கூடுதல் துளைகளைச் சேர்த்து ஒலியைப் பெருக்குவதும் நடந்தது. இசைத்தட்டுதான் நேரடி சாட்சி. அதற்கும் குறை உண்டு. 1925 வரை மின் ஒலிவாங்கி கிடையாது. பெரிய கூம்பின் முன் வாசிக்க, அதன் அதிர்வு மெழுகில் ஊசியால் கீறப்பட்டது. பியானோவின் மந்தர ஒலிகள் அந்தக் கூம்பில் சரியாக ஏறவில்லை. ஸ்ட்ரைட் இசைக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது, ஏனெனில் இழந்தது இடது கையின் பாதி. பத்து அங்குலத் தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பதியும் என்பது இன்னொரு கட்டு. விருந்துகளில் வெகுநேரம் நீண்ட வாசிப்பு மூன்று நிமிடத்துக்குள் சுருங்கியது. பழைய பதிவுகளைக் கேட்பவர் இந்தக் குறைகளை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

கறுப்பினக் கலைஞர்களுக்கு ஒலிப்பதிவின் கதவைத் திறந்தது மேமி ஸ்மித் 1920 ஆகஸ்டில் ஓகே நிறுவனத்துக்குப் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்'. அதன் விற்பனையைக் கண்ட நிறுவனங்கள் கறுப்பின வாடிக்கையாளரை நோக்கித் தட்டுகள் வெளியிடத் தொடங்கின. ஹாரி பேஸ் 1921-இல் தொடங்கிய பிளாக் ஸ்வான், கறுப்பினத்தவர் உடைமையாக நடந்த நிறுவனம். ஜான்சனின் 'தி ஹார்லெம் ஸ்ட்ரட்' அந்த ஆண்டு ஆகஸ்டில் பிளாக் ஸ்வானுக்காகப் பதிவானது. இரண்டு மாதம் கழித்து, 1921 அக்டோபர் 18 அன்று, ஓகே நிறுவனத்தில் 'கரோலினா ஷவுட்' பதிவானது. மறுபக்கம் 'கீப் ஆஃப் தி கிராஸ்'. ஸ்ட்ரைட் வரலாற்றில் ஒரே ஒரு தட்டைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் காப்பாற்ற வேண்டிய தட்டு இது.

'கரோலினா ஷவுட்' பதினாறு பார்கள் கொண்ட பகுதிகள் பல அடுத்தடுத்து வரும் ஆக்கம். அந்த வடிவம் ராக்டைமிலிருந்து வந்த சொத்து. புதுமை அதற்குள் இருக்கிறது. சிறிய முன்னுரைக்குப் பின் வரும் முதல் பகுதியில் வலது கையின் மெட்டு இனிமையாக, சற்றே அசைந்து இறங்குகிறது. காது இயல்பாக அதன் பின்னே போகும். கீழே நடப்பதைக் கேட்டால் ஜான்சனின் மேதைமை தெரியும். வழக்கமான 'கீழ்-மேல், கீழ்-மேல்' நடையை விட்டு, இடது கை 'கீழ்-கீழ்-மேல், கீழ்-கீழ்-மேல், கீழ்-மேல்' என்று இரண்டு பார்களின் எட்டு அடிகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரித்துக்கொள்கிறது. 'தகிட தகிட தக' என்று சொல்லிக்கொண்டே கேட்டால் கணக்குப் பிடிபடும். தாளம் சறுக்கிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றும். எட்டாம் அடி முடியும்போது எல்லாம் தம் இடத்தில் வந்து பொருந்திவிடும். ஆடுபவரின் காலைத் தடுமாறவைப்பதுபோல் பாசாங்கு செய்து, விழாமல் தாங்கிக்கொள்ளும் வித்தை இது. பின்னால் வரும் பகுதிகளில் மேல் ஸ்தாயியில் ஒரு குறுந்தொடர் குரல் கொடுக்க, கீழே சுரக்கூட்டுகள் பதில் சொல்கின்றன. கரோலினாக் கடலோரத்து ஷவுட்டின் அழைப்பும் மறுமொழியும் அங்கே அப்படியே ஒலிக்கின்றன. ஒரு பகுதி திரும்பி வருகையில் ஜான்சன் அதை அச்சடித்தாற்போல் மீண்டும் வாசிப்பதில்லை. உச்சரிப்பு மாறுகிறது, சுரங்கள் நெருக்கமாகின்றன, ஒரு சங்கதி இடம்பெயர்கிறது.

இசைத்தட்டுக்கு முன்பே, 1918-இல், இந்த ஆக்கம் சுருளாக வந்துவிட்டது. 1921-இல் கியூஆர்எஸ் நிறுவனத்துக்காக அவர் வாசித்த சுருள் இன்னும் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. வாஷிங்டன் நகரில் இருந்த இளைஞர் டியூக் எல்லிங்டன் தானியங்கிப் பியானோவின் வேகத்தைக் குறைத்து, தானாக இறங்கும் கட்டைகளின் மேல் தம் விரல்களை வைத்து இந்தச் சுருளைப் படித்தார். ஜான்சன் அந்த ஊருக்கு வந்தபோது அவர் முன்னிலையிலேயே 'கரோலினா ஷவுட்' வாசித்துக் காட்டினார். ஹார்லெமில் ஃபேட்ஸ் வாலரும் சுருளைப் பின்பற்றியே இதைக் கற்றார். கிழக்குக் கடற்கரையில் பியானோக்காரர் என்று சொல்லிக்கொள்ள விரும்பியவர் எவரும் இதை வாசித்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. ஆசிரியர் அருகில் இல்லாமலேயே குருகுலம் நடத்தியது அந்தத் துளைக் காகிதம். இசை வரலாற்றாசிரியர்கள் இசைத்தட்டுக்குத் தரும் இடத்தில் பாதியாவது சுருளுக்கும் தர வேண்டும்.

ஜான்சனின் பிற பதிவுகளில் மூன்றைக் குறிப்பாகச் சொல்லலாம். 1927-இன் 'ஸ்னோயி மார்னிங் ப்ளூஸ்' வேகம் குறைந்தது, கனிந்தது. போட்டி வாசிப்பின் கோபம் சிறிதும் இல்லை. 1929-இன் 'ரிஃப்ஸ்' அதற்கு நேர் எதிர். 1930 ஜனவரியில் பதிவான 'யூவ் காட் டு பி மாடர்னிஸ்டிக்' அவருடைய இசையறிவின் எல்லையைக் காட்டுகிறது. முழுச்சுர இடைவெளிகளால் ஆன ஓட்டங்களும், எங்கே போய் நிற்கும் என்று தெரியாத சுரக்கூட்டுகளும் அதன் முன்பகுதியில் வருகின்றன. மின் ஒலிவாங்கி வந்துவிட்ட காலம் ஆதலால் இடது கை இங்கே கணீரென்று கேட்கிறது. 1921 தட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஜான்சன் எவ்வளவு மாறினார், பதிவுக்கருவி எவ்வளவு மாறியது என்ற இரண்டையும் பிரித்தறியலாம்.

அவர் பெயர் தெரியாதவர்களுக்கும் தெரிந்த அவருடைய ஆக்கம் 'சார்ல்ஸ்டன்'. 1923-இல் 'ரன்னின் வைல்ட்' என்ற மேடை நிகழ்ச்சிக்காக வந்து, ஒரு தலைமுறையின் நடனமாகவே ஆனது. அந்தப் புகழ் ஜான்சனுக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. அவர் மனம் பெரிய வடிவங்களில் இருந்தது. 'யாமெக்ரா' என்ற ராப்சடி 1928 ஏப்ரலில் கார்னகி மண்டபத்தில் அரங்கேறியபோது அவருக்கு நிகழ்ச்சி நடத்தும் வேறு பொறுப்பு இருந்ததால், பியானோவில் அமர்ந்தவர் மாணவர் ஃபேட்ஸ் வாலர். பின்னர் சிம்பொனியும் ஓபராவும் எழுதினார். நிதி உதவி கேட்டு அவர் எழுதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை. ஒரு கறுப்பினப் பியானோக்காரர் சிம்பொனி எழுதுவதை அன்றைய அமைப்புகள் பொருட்படுத்தாததே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகையாகாது.

ஃபேட்ஸ் வாலர் 1904-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1922 அக்டோபரில் ஓகே நிறுவனத்துக்காக 'மசில் ஷோல்ஸ் ப்ளூஸ்', 'பர்மிங்ஹாம் ப்ளூஸ்' இரண்டையும் பதிவு செய்தபோது அவருக்கு வயது 18. அவை ஆசிரியரின் நிழலில் நிற்பவை. ஏழு ஆண்டு கழித்து, 1929 மார்ச் 1 அன்று, விக்டர் நிறுவனத்தில் 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' வாசித்தபோது வாலர் தம் சொந்த மொழியைக் கண்டுவிட்டார். ஜான்சனின் இடது கை அழுத்தமும் கூர்மையும் உடையது. வாலருடையது கனமும் மென்மையும் சேர்ந்தது. பத்தாம் சுரப் பிடிகள் அவருக்கு எளிதாக வந்தன. வடிவத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்தது: ராக்டைமின் பல பகுதி அமைப்பை ஒதுக்கி, அன்றைய பாடல்களின் 32 பார் அமைப்பை ஸ்ட்ரைட்டுக்குள் கொண்டுவந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பதிவான 'ஸ்மாஷிங் தேர்ட்ஸ்', 1934 நவம்பரில் ஒரே அமர்வில் பதிவான 'ஆப்பிரிக்கன் ரிப்பிள்ஸ்', 'வைப்பர்ஸ் டிராக்', 'அலிகேட்டர் கிரால்' ஆகியவை தனி வாசிப்பில் அவருடைய உச்சங்கள். பாடகராகவும் நகைச்சுவைக் கலைஞராகவும் அவர் அடைந்த புகழ் இந்தத் தனி வாசிப்புகளை மறைத்துவிட்டது; வரலாறு அவருக்குச் செய்த சிறு அநீதி அது. 1941-இல் அவர் 'கரோலினா ஷவுட்'டைத் தாமே பதிவு செய்தார். ஆசிரியரின் 1921 தட்டோடு அதை ஒப்பிட்டுக் கேட்பது ஸ்ட்ரைட் பயில்வோருக்கு நல்ல பாடம். இரண்டு ஆண்டு கழித்து, 1943 டிசம்பரில், ரயில் பயணத்தில் கான்சஸ் சிட்டி அருகே வாலர் இறந்தார். வயது 39.

ஜான்சன், வாலர் ஆகியோரோடு சேர்த்து எண்ணப்படும் மூவரில் மூன்றாமவர் வில்லி 'தி லயன்' ஸ்மித். டெர்பி தொப்பியும் வாயில் சுருட்டுமாக அமர்ந்து எதிராளியை அதட்டும் இவர், தனியே ஆக்கம் அமைக்கும்போது வேறொரு மனிதர். 1939 ஜனவரியில் கமடோர் நிறுவனத்துக்காகப் பதிவான 'எக்கோஸ் ஆஃப் ஸ்பிரிங்', 'மார்னிங் ஏர்' போன்றவற்றில் இடது கை தாவுவதைக் குறைத்து, சுரங்களை அலையலையாக விரித்துச் செல்கிறது. பிரெஞ்சு இசையின் நிறம் அவற்றில் படிந்திருக்கிறது. அதே அமர்வின் 'ஃபிங்கர்பஸ்டர்' மட்டும் பழைய போட்டி நாள்களின் வேகம். இந்த ஆக்கங்கள் இன்னும் பத்து ஆண்டு முன்னதாகப் பதிவாகியிருந்தால் ஸ்ட்ரைட் பற்றிய பொதுக் கருத்தே வேறாக இருந்திருக்கும்.

பதிவே இல்லாமல் போனவர்களும், அரிதாகவே பதிவானவர்களும் உண்டு. அப்பா லப்பா என்று அழைக்கப்பட்டவரை ஜான்சனும் லயனும் மதிப்போடு நினைவுகூர்ந்தார்கள். அவர் வாசிப்பில் ஒரு விநாடிகூட மிஞ்சவில்லை. டொனால்ட் லாம்பர்ட் 1941-இல் புளூபேர்ட் நிறுவனத்துக்குக் கொடுத்தது நான்கே ஆக்கங்கள். கிரீக், வாக்னர் முதலியோரின் மெட்டுகளை எடுத்து ஸ்ட்ரைட்டில் ஓடவிட்டவை அவை. எனவே இசைத்தட்டுகளை மட்டும் வைத்து எழுதப்படும் ஸ்ட்ரைட் வரலாறு, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அனுமதிக்கப்பட்டவர்களின் வரலாறுதான்.

ஸ்ட்ரைட் அடுத்து வந்த பியானோக்காரர்களிடமும் தொடர்ந்தது. 1933 மார்ச்சில் ஆர்ட் டாட்டம் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்காக 'டைகர் ராக்', 'டீ ஃபார் டூ' வாசித்தபோது ஸ்ட்ரைட்டின் வேக எல்லை உடைந்தது. அவருடைய கட்டுமானத்தின் அடித்தளம் ஹார்லெமின் இடது கைதான். கவுன்ட் பேஸி வாலரிடம் ஆர்கன் கற்றவர். பின்னாளில் தம் இடது கையை ஒவ்வொரு சுரமாகக் குறைத்துக்கொண்டே போய்ப் புதிய சிக்கனத்தைக் கண்டார். தெலோனியஸ் மங்க் சான் வான் ஹில்லில் வளர்ந்தவர். 1947-இல் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த 'தெலோனியஸ்' என்ற ஆக்கத்தின் நடுவே, பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணியின் ஒலிகளுக்கிடையில், சில பார்கள் தெளிவான ஸ்ட்ரைட் எழுந்து மறைகிறது. அந்தப் பேட்டையின் பெரும்பகுதி பின்னர் இடிக்கப்பட்டு லிங்கன் சென்டர் கலையரங்குகள் எழுந்தன.

ஜான்சனை மீட்டெடுக்கும் முயற்சி அவர் வாழ்நாளிலேயே தொடங்கியது. 1943-இல் புளூ நோட் நிறுவனம் அவருடைய தனி வாசிப்புகளைப் பதிவு செய்தது. 'மியூல் வாக்', 'கரோலினா பால்மோரல்' போன்ற ஜங்கிள்ஸ் கேசினோ காலத்து ஆக்கங்கள் அப்போது தட்டில் ஏறின. பக்கவாதம் 1940-இல் ஒருமுறை அவரைத் தாக்கியிருந்தது; 1951-இல் வந்த தாக்குதலோடு வாசிப்பு நின்றது. 1955-இல் அவர் காலமானார். குவீன்ஸில் அவர் புதைக்கப்பட்ட இடத்துக்கு 2009 வரை பெயர்க்கல் கிடையாது.

புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' (1921), வாலரின் 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' (1929), ஜான்சனின் 'மாடர்னிஸ்டிக்' (1930), லயனின் 'எக்கோஸ் ஆஃப் ஸ்பிரிங்' (1939) என்ற வரிசையில் கேட்கலாம். ஒவ்வொன்றையும் முதல் முறை மெட்டுக்காகவும், இரண்டாம் முறை இடது கைக்காக மட்டுமேயும் கேட்பது நல்லது. அமெரிக்காவில் 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் அனைத்தும் 2022 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை ஆகிவிட்டன. 1921-இன் 'கரோலினா ஷவுட்' தட்டும் அவற்றில் அடக்கம்.